கோழிகளுக்கான டிஎன்ஏ தடுப்பூசியை மேம்படுத்துவது எப்படி

2004 ஆகஸ்ட்டில் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதும் சிங்கப்பூர் மலேசியக் கோழி, முட்டை இறக்குமதியை நிறுத்தியது. இங்கு கோழித் தடுப்பூசியை ஆய்வுத்திட்டமாக எடுக்கும் மாணவருக்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை. டிஎன்ஏ தடுப்பூசியில் கிருமியின் ஒரு புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் பிளாஸ்மிட் எனும் வட்ட டிஎன்ஏவில் வைத்துச் செலுத்துகிறோம். கோழியின் தசை உயிரணுக்களே அப்புரதத்தைத் தயாரிக்கின்றன. ஆகவே மேம்பாடு என்பது பெரும்பாலும் குறைந்த டிஎன்ஏவைக் கொண்டு அதிகப் புரதம் பெறுவதே.

எச்5 வகைக்கு, கிருமி உயிரணுவில் ஒட்ட உதவும் மேற்புறப் புரதமான ஹீமக்ளூட்டினினின் மரபணுவைத் தேர்ந்தெடுத்து, புரதம் பிளவுபடும் இடத்திலுள்ள ஆர்ஜினின், லைசின் எனும் அமினோ அமிலங்களின் தொடரை வீரியம் குறைந்த வகைக்குரியதாக மாற்றுங்கள். பின்னர் மற்ற அமினோ அமிலங்கள் மாறாதபடி, கோழி உயிரணுக்கள் அதிகம் பயன்படுத்தும் கோடான்களால் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூவெழுத்துத் தொகுதிகள்) மரபணுவைத் திருத்தியெழுதி, தொடக்கக் கோடானை ஒட்டிக் புரதத் தயாரிப்பு தொடங்க உதவும் கோசாக் வரிசையைச் சேர்த்து, மரபணுவை வலுவாக இயக்கும் சிஎம்வி ஊக்கியின் கீழ் அமைக்க வேண்டும். எலி ஆய்வுகளிலிருந்து, நோயெதிர்ப்பைத் தூண்டும் சிபிஜி டிஎன்ஏ வரிசைகளை அப்படியே எடுத்தாள வேண்டாம். எலியில் அவற்றை உணரும் டிஎல்ஆர்9 எனும் ஏற்பி கோழிக்குக் கிடையாது, டிஎல்ஆர்21தான் அவ்வேலையைச் செய்கிறது.

பலர் இந்தக் கட்டத்திலேயே கோழிக்குப் போய்விடுகிறார்கள், அது வீண்செலவு. கோழிக் கருவிலிருந்து பெறப்பட்ட டிஎஃப்-1 உயிரணுக்களில் திருத்தாத பழைய, திருத்திய புதிய பிளாஸ்மிட்களைச் சம அளவில் செலுத்தி, 48 மணி நேரத்துக்குப் பின் புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஒப்பிடுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இல்லையெனில் எது பலன் தந்தது என்று சொல்ல இயலாது.

நிறுவனத்தின் விலங்கு ஆய்வுக் குழுவும் உயிரியல் பாதுகாப்புக் குழுவும் ஒப்புதல் தந்த பிறகு, குஞ்சுகளை வெற்றுப் பிளாஸ்மிட், பழையது, புதியது என மூன்று பிரிவாக்கி, மார்புத் தசையில் இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் இருமுறை ஊசி போடலாம். இக்கிருமி சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், எதிர்ப்பொருள் இருந்தால் அது தடைபடும். எதிர்ப்பொருளை அளக்க, அடி கூரான குழித்தட்டில் 25 மைக்ரோலிட்டர் சீரத்தை இருமடங்காக நீர்த்துக்கொண்டே சென்று, செயலிழக்கச் செய்த கிருமியை நான்கு அலகு (சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் திறனின் அளவு) சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். பிறகு 1 விழுக்காட்டுக் கோழிச் சிவப்பணுக் கரைசலை ஊற்றி, சுமார் 40 நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அடியில் பொட்டாகப் படிந்த சிவப்பணுக்கள், சிவப்பணு மட்டுமே உள்ள ஒப்பீட்டுக் குழியில் வழிவதுபோலவே கண்ணீர்த்துளியாக இறங்கினால்தான் அக்குழியில் தடை நிகழ்ந்ததாகக் குறிக்கலாம். தட்டைச் சாய்க்காமல் மேலிருந்து பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். உயிருள்ள எச்5என்1 கிருமியைக் கோழிக்கு ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கு உயர்நிலை உயிர்ப்பாதுகாப்புக் கூடம் தேவைப்படுவதால், அதைத் தொடக்கத் திட்டத்தில் சேர்க்காதிருப்பது நல்லது.

2017இல் அமெரிக்காவில் கோழிகளுக்கான எச்5 டிஎன்ஏ தடுப்பூசி ஒன்றுக்கு நிபந்தனை உரிமம் வழங்கப்பட்டது. எனினும் பெரும்பண்ணையில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து ஊசி போடுவது கட்டுப்படியாகாது. அடைகாப்பின் 18ஆம் நாளில் முட்டைக்குள்ளேயே செலுத்தும் முறைக்கு உங்கள் பிளாஸ்மிட் ஒத்துவருமா என்பதைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.