அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பது எப்படி? சுத்தம் முதலில், மின்சாரம் பிறகு

அலுமினியப் பாடத்தை நான் மின்கலத்தில், அதாவது மின்சாரத்தால் உலோகத்தைப் பிரிக்கும் தொட்டியில், தொடங்குவதே இல்லை. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டில்தான் தொடங்குவேன். அதில் அலுமினியச் சேர்மங்களோடு இரும்பு ஆக்சைடும் சிலிக்காவும் கலந்திருக்கும். அப்படியே மின்கலத்தில் கொட்டினால் இரும்பும் சிலிக்கானும் அலுமினியத்தை முந்திக்கொண்டு உலோகத்தில் கலந்துவிடும். அதனால் சுத்தம் செய்யும் வேலை முழுவதையும் முன்கூட்டியே முடித்தாக வேண்டும்.

அதற்குத்தான் பேயர் முறை. தாதுவை நன்றாக அரைத்து, அடர்த்தியான சூடான எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் அழுத்தத்தில் வேக வைப்பார்கள். ஜிப்சைட் வகைத் தாது என்றால் 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு போதும். போமைட், டயாஸ்போர் வகைகளுக்கு 200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தாதுவில் உள்ள அலுமினியம் ஹைட்ராக்சைடு ஈரியல்பு கொண்டது, அதாவது அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும், ஆகவே காரத்திலும் கரைந்து சோடியம் அலுமினேட் ஆகிவிடும். இரும்பு ஆக்சைடு கரையாமல் அடியில் தங்கும். களிமண்ணில் உள்ள சிலிக்காதான் தொல்லை. அது கரைந்து, பிறகு சோடாவையும் அலுமினாவையும் (அலுமினியம் ஆக்சைடு) சேர்த்து இழுத்துக்கொண்டு வீழ்படிவாகும். சிலிக்கா குறைந்த தாதுவைத் தேடுவது இதனால்தான்.

வடிகட்டியதும் மிஞ்சுவது செஞ்சேறு. பல புத்தகங்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கடுமையான காரத்தன்மை உள்ள கழிவு. 2010இல் ஹங்கேரியின் அய்க்கா அருகே செஞ்சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து 10 பேர் இறந்தார்கள். செய்முறையை விளக்குபவர் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, தெளிந்த கரைசலுக்கு வருவோம். அதை ஆறவைத்து, அலுமினியம் ஹைட்ராக்சைடின் நுண்படிகங்களை விதையாகத் தூவி, நெடுநேரம் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். படிகங்கள் மெல்ல வளர்ந்து கீழே இறங்கும். எரிசோடா மறுபடியும் அடுத்த தாதுவுக்குப் போகும். படிகங்களைக் கழுவி, சுமார் 1000 டிகிரியில் சூடாக்கினால் நீர் வெளியேறி வெள்ளை அலுமினாத் தூள் கிடைக்கும்.

இப்போது மின்சாரம். கரியைக் கொண்டு ஒடுக்கலாமே, அதாவது அலுமினாவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கலாமே என்றால், அதற்கு 2000 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும், கார்பைடும் உண்டாகிவிடும். நீர்க்கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன்தான் வரும். அலுமினாவைத் தனியாக உருக்குவதென்றால் 2072 டிகிரி ஆகும். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரோவும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள்: கிரையோலைட் என்ற ஃபுளூரைடு உப்பை உருக்கி, அதில் அலுமினாவைக் கரைப்பது. அப்போது சுமார் 960 டிகிரியே போதும்.

கலம் என்பது உள்ளே கரி பூசிய எஃகுத் தொட்டி. அந்தக் கரிதான் எதிர்மின்வாய்க்கு வேண்டிய அடித்தளம். மேலிருந்து இறங்கும் கரிக்கட்டிகள் நேர்மின்வாய். மின்னழுத்தம் 4 வோல்ட்டைச் சற்றே தாண்டும், மின்னோட்டமோ லட்சக்கணக்கான ஆம்பியர். உருகிய அலுமினியம் குளியலைவிட (அலுமினா கரைந்த உருகிய கிரையோலைட்) கனம், அதனால் அடியில் சேரும். காற்று படாமல் மேலே ஒரு மூடிபோல் குளியலே காக்கிறது. மேலே ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் போகும். கரி தேய்வதை வெறும் நஷ்டமாக எழுதுகிறார்கள். உண்மையில் கரி எரிவதால்தான் தேவைப்படும் மின்னழுத்தம் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் அதற்கான விலை.

அலுமினாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது மிகவும் குறைந்தால் மின்னழுத்தம் திடீரென எகிறும், வளிமண்டலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கும் கார்பன் டெட்ராஃபுளூரைடு வாயு கிளம்பும்.

அப்புறம் திரண்ட உலோகத்தை உறிஞ்சி எடுத்து வார்ப்பார்கள். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 2 டன் அலுமினாவும், 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரமும் ஆகும். தூய்மை 99.5 சதவீதத்தைத் தாண்டும். அதற்கும் மேல், 99.99 வேண்டுமென்றால், மூன்று உருகிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திச் சுத்தம் செய்யும் மூன்று அடுக்கு மின்னாற்பகுப்புக்குள் அதே உலோகத்தை இன்னொரு முறை அனுப்ப வேண்டும்.