அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு உணரியை எங்கே வைப்பது?

கண்காணிப்புக் கருவிகளுக்கு இடம் குறிக்கும் வேலை முதன்முறை என்னிடம் வந்தபோது, கதிர்வீச்சு அதிகமுள்ள அறைகளையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டு, வட்டத்துக்கு ஓர் உணரி என்று பட்டியல் கொடுத்தேன். அந்தப் பட்டியல் தவறானது. எப்போதும் கதிர்வீச்சு மிகுந்து, எப்போதும் பூட்டியே இருக்கும் அறையில் மாட்டிய உணரி புதிதாக எதையும் சொல்வதில்லை. அளவு மாறக்கூடிய இடமும், அந்த மாற்றத்தைக் கண்டு யாராவது ஒன்றைச் செய்ய வேண்டிய இடமும்தான் நமக்குத் தேவை. அதன் பிறகு நான் கடைப்பிடித்து வரும் முறை இது.

படி 1: ஒரே தளப்படம், மூன்று பிரதிகள்

உலை ஓடும்போது, உலை நின்ற பிறகு, விபத்தின்போது என மூன்று பிரதிகள் எடுங்கள். இதற்கு மென்பொருளைவிடக் காகிதத்தையும் வண்ணப் பென்சிலையுமே நான் நம்புகிறேன். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால், எந்த அறை நிறம் மாறுகிறது என்பது உடனே தெரியும்.

மாறத்தான் செய்யும். உலை ஓடும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் நியூட்ரான் பட்டு நைட்ரஜன்-16 ஆகிறது. அதன் காமா கதிருக்கு 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் உண்டு. அதன் அரை ஆயுளோ, அதாவது பாதி அளவு சிதைந்துபோக ஆகும் நேரமோ, சுமார் 7 விநாடிதான். உலை நின்ற சில நிமிடங்களில் அது இல்லாமல் போய்விடும். குழாய்களின் உட்சுவரில் படிந்த கோபால்ட்-60 அப்படிப் போகாது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். பராமரிப்புக்காக ஆட்கள் உள்ளே நுழைவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே இரண்டாவது பிரதியில் வால்வுகள், பம்புகளின் அடிப்பகுதி, வெப்பமாற்றிகள் ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

படி 2: ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி

"இங்கே அளவு உயர்ந்தால் யார், என்ன செய்வார்?" பதில் கிடைக்காத இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

எரிபொருள் கையாளும் தளத்தில் ஆட்கள் வெளியேறுவார்கள். கட்டுப்பாட்டு அறைக்கு வெளிக்காற்று வரும் குழாயில், நேரடி வரத்து மூடப்பட்டு காற்று வடிகட்டி வழியாகத் திருப்பப்படும். கழிவுநீர் வெளியேறும் குழாயில் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

நான் மிகவும் மதிப்பது, சுத்தமாகவே இருக்க வேண்டிய பக்கத்தில் மாட்டும் உணரியை. அழுத்த நீர் உலையில், நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே, அணுப்பிளவில் உருவாகும் வாயுவான செனான் தென்பட்டால், நீராவி உற்பத்திக் கலத்தின் குழாய் ஒன்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். சுத்தமான பின்னணியில் சிறு உயர்வும் பளிச்சென்று தெரியும்.

படி 3: அறைக்குள் சரியான புள்ளி

நான் இடறிய படி இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

கழிவுநீர்க் குழாய்க்கு ஓர் உணரி குறித்தேன். வரைபடத்தில் அதில் பிழையே இல்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால், நீரைச் சுத்திகரிக்கப் பயன்படுத்தி, கதிரியக்கம் ஏறிய அயனிமாற்றுப் பிசினைத் தொட்டிக்கு அனுப்பும் குழாய் ஓடியது. பிசின் நகரும்போதெல்லாம் நமது உணரி ஒலித்தது. சில வாரங்களில் பணியாளர்கள் அந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். இது மிகவும் ஆபத்தான நிலை. இடத்தை மாற்றி, ஈயக் கவசமும் போட்ட பிறகே சரியானது. கைக்கருவியோடு அந்த இடத்தில் நின்று அளந்து பாருங்கள். ஒருமுறை அளந்தால் போதாது, பக்கத்து அறைகளில் என்னென்ன வேலைகள் நடக்குமோ அத்தனையும் நடக்கும்போது அளக்க வேண்டும். கான்கிரீட் தூண் உணரியை மறைக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, உணரி முடிவுக்கு வர 5 விநாடியும் வால்வு மூட 10 விநாடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 22.5 மீட்டருக்குக் குறைவான தூரத்தில் வால்வு இருந்தால், அது மூடுவதற்குள் நீர் கடந்துவிடும். தூரம் கிடைக்கவில்லையென்றால் வேகமான வால்வு கேளுங்கள்.

படி 4: எந்த உணரி?

சாதாரணப் பகுதிகளுக்கு, கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும் கெய்கர் குழாய் போதும். கதிர்வீச்சு மிகவும் உயரக்கூடிய இடத்தில் அதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தகுந்த மின்சுற்று இல்லாத கெய்கர் குழாய், கடுமையான கதிர்வீச்சில் திணறி அளவைக் குறைத்துக் காட்டும். பூஜ்யத்துக்கே இறங்கவும் கூடும். அங்கே, கதிர்வீச்சு உண்டாக்கும் மின்னோட்டத்தை அளக்கும் ‘அயனி அறை’ என்ற கருவிதான் வேண்டும். அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் 1979இல் நடந்த விபத்துக்குப் பிறகு, உலையைச் சூழ்ந்த காப்புக் கட்டடத்துக்குள் மணிக்கு 1 கோடி ரான்ட்ஜன் (காமா கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு) வரை அளக்கும் கருவிகள் குறைந்தது இரண்டு, ஒன்றுக்கொன்று நன்கு விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் கேட்டது.

புகைபோக்கியில் துகளுக்கு வடிதாள், அயோடினுக்குக் கரி, மந்த வாயுக்களுக்குத் தனி உணரி என மூன்றும் தேவை. மாதிரிக் குழாய் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் இருக்கட்டும். நீண்ட குழாயின் சுவரில் அயோடின் ஒட்டிக்கொண்டால் அளவு குறைவாகவே காட்டும். கனநீர் உலைகளில், கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தை மறக்காதீர்கள். அதன் பீட்டா கதிர் கெய்கர் குழாயின் சுவரைத் தாண்டாது. காற்றில் மாதிரி எடுத்துத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

பிற்சேர்க்கை

வாயில்களில், கைகளிலும் கால்களிலும் ஒட்டிய கதிரியக்க மாசைக் கண்டறியும் கைகால் சோதனைக் கருவி எதற்கு, வெளியேறுபவர்களை மட்டும் சோதித்தால் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1986 ஏப்ரல் 28 அன்று சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணி கருவியை ஒலிக்கவைத்தது. மாசு அந்த நிலையத்தினுடையது அல்ல. 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், விபத்துக்குள்ளான செர்னோபில் அணு உலையிலிருந்து காற்றில் வந்து தரையில் படிந்திருந்தது. வாயிலில் கருவி இருந்ததால்தான் அது தெரிந்தது.

மற்றொருவர் சுட்டியது என் பட்டியலையே திருத்தவைத்தது: உணரி அறைக்குள் இருந்தாலும், அளவு காட்டும் பெட்டி கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை. பம்பு அறையின் இரைச்சலில் ஒலி கேட்காது என்பதால் அங்கே சுழல் விளக்கையும் சேர்த்திருக்கிறேன்.