யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் துணி நப்பி தோய்க்க எந்தச் சலவைத்தூள்?

கடைத் தட்டில் குழந்தைப் படம் போட்ட போத்தலைத் தேட முன்னம் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். மழைத் தண்ணீர் அதற்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வரும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு நப்பியின் நூலுக்குள்ளும் இறங்கும். கொழும்பில் இருக்கிற அக்கா “இதைப் பாவியுங்கோ, திறமான சாமான்” என்று சொல்லிவிட்ட தூள் இங்கே சரிவராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அங்கே குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு.

தண்ணீரைச் சோதிப்பது சுலபம். ஒரு லீற்றர் தெளிந்த பிளாஸ்டிக் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுங்கள். சாதாரண சவர்க்காரக் கட்டியில் நகமளவு சீவிப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். தடித்த நுரை மேலே நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் அது சுண்ணாம்பு குறைந்த மென்னீர். நுரை எழும்பாமல், திரைந்த பால்போலக் கட்டி கட்டியாக மிதந்தால் அது சுண்ணாம்பு கூடிய வன்னீர். சலவைத்தூளைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். அதற்குள்ளேயே தண்ணீரை மென்மையாக்கும் பொருள் இருப்பதால் விடை பிழைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மழைத் தண்ணீரில் இன்னொரு போத்தல் குலுக்குங்கள். ஆய்வுகூட அறிக்கை கையில் இருந்தால், மொத்த வன்மை லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அது மிகக் கடினமான தண்ணீர். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடும் தண்ணீர் வருகிற வீடுகள் அதைத் தனியாகச் சோதியுங்கள். ஒரே வளவில் கிணறு ஒரு மாதிரியும் குழாய் ஒரு மாதிரியும் இருக்கலாம். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் வன்மையோடு சவரும் சேர்ந்துகொள்கிறது. சவர்த் தண்ணீரில் அலசிய துணி காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும். அங்கே கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள்.

சவர்க்காரமா, சலவைத்தூளா?

சவர்க்காரக் கட்டி கொழுப்பில் செய்தது. வன்னீரில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்ததும் அது தண்ணீரில் கரையாத மெழுகாக மாறும். போத்தலில் மிதந்த கட்டி அதுதான். சேட்டிலோ சாறத்திலோ அது படிந்தால் பெரிய நட்டமில்லை. நப்பியின் வேலையே ஈரத்தை உறிஞ்சுவது. நூலில் மெழுகு பூசிவிட்டால் சலம் உள்ளே இறங்காமல் பக்கத்தால் வழியும். உள்ளே அகப்பட்டது அலசலிலும் வெளியே வராது. ஆகவே வன்னீர் வீடுகளில் நப்பிக்குக் கட்டிச் சவர்க்காரம் வேண்டாம். கறையுள்ள இடத்தில் மட்டும் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பிறகு தூளில் தோய்த்தால் பாதகமில்லை.

தூளா திரவமா என்றால், இங்கே தூள். தூளில் சோடியம் காபனேற்று, சியோலைட் போன்ற வன்மை நீக்கிகள் தாராளமாக இருக்கும். திரவத்தில் பொதுவாகக் குறைவு. “பேபி” என்று எழுதிய மென்மையான திரவங்கள் சட்டைக்கும் தொப்பிக்கும் நல்லவை. மலமும் சலமும் பட்ட நப்பிக்கு அவற்றின் பலம் பல வேளைகளில் போதாது. அழுக்கு முழுதாகப் போகாத நப்பி, பலமான தூளில் தோய்த்து நன்றாக அலசிய நப்பியைவிடப் பிள்ளையின் தோலுக்குக் கெடுதல்.

பைக்கற்றின் பின்பக்கத்தில் முதலில் ‘என்சைம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். மலத்தில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் வெட்டி உடைப்பவை இந்த நொதியங்கள். நன்றாக அலசினால் அவற்றைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. வாசனை இல்லாதது கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் மணம் குறைந்தது. தூளோடு துணி மென்மையாக்கியும் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். மென்மையாக்கி என்பது நூலின் மேல் பூசப்படும் ஒரு படை. அதுவும் சவர்க்கார மெழுகு செய்யும் வேலையைத்தான் செய்யும். முன்பக்கத்தால் துணி போடும் மெசின் என்றால் அந்த வகை மெசினுக்கென்று எழுதிய, நுரை குறைந்த தூள் வேண்டும். கைத்தோய்ப்புத் தூளின் நுரை அதற்குள் நிறைந்து, துணி ஒன்றோடொன்று உரசுவதைத் தடுத்துவிடும்.

சொட்டு நீலம் தேவையில்லை. கிருமிநாசினித் திரவத்தை ஒவ்வொரு அலசலிலும் ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சூடான தண்ணீரும் நல்ல தூளும் வெய்யிலும் போதும். துணியில் தங்கும் கிருமிநாசினி தோலை எரிக்கும்.

அளவும் முறையும்

மலத்தை மலசலகூடத்துக்குள் தட்டி, நப்பியை அங்கேயே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அந்த முதல் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாழைப்பாத்தியிலோ ஊற்றாதீர்கள். சுண்ணக்கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மேலே ஊற்றுவது மண்ணில் வடிபடாமலே கிணற்றுக்குப் போய்விடலாம். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் பாவிப்பதும் பிழை. சூட்டில் புரதம் இறுகிக் கறை நூலோடு ஒட்டிவிடும்.

தோய்க்கும் வரை நப்பியைத் தண்ணீரில் போட்டு வைக்காமல் காற்றுப் படும் கூடையில் வையுங்கள். எங்கள் வெக்கைக்கு ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. ஊறப்போட்ட வாளி என்றால் இறுக்க மூடிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தவழ்கிற பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரே உயிராபத்து.

கையால் தோய்ப்பதென்றால் 10 முதல் 12 நப்பிக்கு 10 லீற்றர் தண்ணீர். கொதிதண்ணீர் 2 லீற்றரோடு கிணற்றுத் தண்ணீர் 8 லீற்றர் கலந்தால் சூடு 40 பாகையைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். நொதியங்களுக்கு அது நல்ல சூடு. தண்ணீரைக் கலந்த பிறகே தூளைப் போடுங்கள். கொதிதண்ணீரில் நேரே தூளைக் கரைத்தால் நொதியம் செத்துவிடும். கூடக் காசு கொடுத்து வாங்கியதில் பயனில்லை. வன்னீருக்கு மூன்று மட்ட மேசைக்கரண்டித் தூள், அதாவது ஏறக்குறைய 30 கிராம். மென்னீருக்கு அதில் பாதி. போத்தல் சோதனையில் நுரையே வராத தண்ணீர் என்றால், தூளுக்கு முன்னம் ஒரு மட்டத் தேக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் விட்டுத் தூளைச் சேருங்கள். சலவைச் சோடா கையை அரிக்கும், கையுறை வேண்டும். அப்பச்சோடா இதற்கு ஈடாகாது; அதன் காரம் குறைவு.

ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுக் கசக்கிப் பிழியுங்கள். பிறகு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். மூன்றாவது தண்ணீரிலும் கை வழுக்கினால் இன்னொன்று. மெசினில் என்றால் பைக்கற்றில் வன்னீருக்கோ கடும் அழுக்குக்கோ சொல்லியிருக்கும் அளவு, 60 பாகை, கூடுதலாக ஒரு அலசல். நீர்புகாத மேலுறைகளுக்கு 40 பாகை போதும். அவற்றைக் கொதிக்க வைக்கவோ அயன் பண்ணவோ கூடாது.

பருத்தி நப்பியை நல்ல வெய்யிலில் காயப்போடுங்கள். மஞ்சள் கறை ஈரத்தோடு வெய்யில் பட்டால் தானாக வெளிறும். மேலுறைகள் நிழலில் காயட்டும், றப்பர் சீக்கிரம் இற்றுப்போகாது.

பிழைத்தால் எங்கே பிழைத்தது?

மூக்குத்தான் முதல் சாட்சி. தோய்த்துக் காய்ந்த நப்பியிலேயே நாற்றம் இருந்தால் தூள் போதவில்லை, அல்லது வாளியில் துணி கூடிவிட்டது. காய்ந்தபோது மணமில்லாமல் இருந்து, பிள்ளை சலம் விட்ட கொஞ்ச நேரத்திலேயே மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால், நூலுக்குள் பழைய படிவு தங்கியிருக்கிறது. அதில் வாழும் பக்ரீரியா சலத்தில் உள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. இரவு முழுக்கக் கட்டியிருந்த நப்பி காலையில் கொஞ்சம் நெடியடிப்பது வழமைதான், அதற்காகத் தூளை மாற்ற வேண்டாம்.

காய்ந்த நப்பியில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. துளி உருண்டு நின்றால் மெழுகோ மென்மையாக்கியோ படிந்திருக்கிறது. புது நப்பிக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. பருத்தியின் இயற்கை எண்ணெய் போக நாலைந்து தரம் தோய்க்க வேண்டும். இன்னொரு சோதனை: தோய்த்த நப்பியை வெறும் சுடுதண்ணீரில் போட்டு அலையுங்கள். நுரை வந்தால் தூள் கூடிவிட்டது அல்லது அலசல் போதவில்லை.

படிவை எடுக்க 10 லீற்றர் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிற்றிக் அமிலம் கரைத்து, தோய்த்த நப்பிகளை அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கள். சுண்ணாம்பு கரையும், சவர்க்கார மெழுகு பிரிந்து கொழுப்பாக மாறும். அந்தக் கொழுப்பு துணியிலேயே நிற்பதால், அமிலத்தோடு நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். ஒருக்கால் அலசிவிட்டு, வழமையான அளவு தூளில் இயன்ற சூட்டில் மறுபடி தோய்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போதும். அடிக்கடி செய்தால் றப்பர் கெடும், ஆகவே மேலுறைகளை இதில் போடவே வேண்டாம். தேசிக்காய்ப் புளி பிழிவதால் பெரிய பலனில்லை. சிற்றிக் அமிலத்தையோ வினாகிரியையோ குளோரீன் பிளீச்சுடன் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். சலம் ஊறிய நப்பியில் பிளீச் ஊற்றுவதும் அதே ஆபத்து.

ஐப்பசி, கார்த்திகை மழையை வீணாக விடாதீர்கள். கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரை விட்டுவிட்டுப் பிறகு பிடிப்பது அருமையான மென்னீர். தோய்க்கப் போதாவிட்டாலும் கடைசி அலசலை அதில் செய்யுங்கள். அந்த மாதங்களில் நப்பியை விசிறிக்குக் கீழே காயவிட்டு, முற்றாக உலர்ந்ததைக் கையால் பிடித்துப் பார்த்தே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். மடித்து வைக்கும் அலுமாரியில் பூச்சி உருண்டை போட வேண்டாம். நப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஏறும். பிறவியிலேயே ஜி6பிடி நொதியக் குறைபாடுள்ள பச்சைப்பிள்ளைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும்.

தூளை மாற்றி, கூடுதலாக அலசியும் மூன்று நாளில் தோல் சிவப்பு ஆறாவிட்டாலோ, சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தாலோ, அது பங்கசுத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ பிள்ளையைக் காட்டுங்கள்.