கிராமத்து மெஸ்ஸில் தட்டு நீட்டினால் அவசரப்படாதீர்கள்

மதுரை, காரைக்குடிப் பக்கம் போகும் வழியில், மெனு கார்டே இல்லாத கிராமத்து மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார நேர்ந்தால், முதலில் சாப்பாடு மட்டும் சொல்லுங்கள். சுக்கா, ஈரல், நண்டு, காடை என்று சின்னக் கிண்ணங்களை அடுக்கிய பெரிய தட்டை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "குழம்பு ஊத்துங்கண்ணே, அப்புறம் சொல்றேன்" என்று சொன்னால் போதும்.

இந்தக் கடைகள் பலவற்றில் சாப்பாட்டு விலைக்குள்ளேயே மட்டன், கோழி, மீன் குழம்புகள், ரசம், மோர் எல்லாம் அடக்கம். தட்டில் இருந்து எடுத்து வைக்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிக்காசு. பசி வேகத்தில் நான்கைத் தலையாட்டி வாங்கினால் சாப்பாட்டை விடத் தொடுகறிக்கான பில் பெரிதாகிவிடும். இரண்டு குழம்பு ருசி பார்த்த பிறகு, எந்தக் கறி இவர்கள் கைக்குச் சரியாக வருகிறது என்பது தெரிந்துவிடும். அதில் ஒன்றை விலை கேட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். விலை கேட்பதில் கூச்சமே வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்பதுதான்.

கொங்குப் பக்கத்தில், தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து எல்லாக் கறியையும் இலையில் பரிமாறும் வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மிச்சம் வைத்தால் திட்டு விழலாம், அவ்வளவுதான். இரண்டரை மணிக்கு மேல் போனாலும் பயனில்லை. குழம்பு தீர்ந்து ரசம்தான் இருக்கும்.