கம்பெனி போடாத ‘எக்ஸிட் டேட்’: பி.எஃப். கணக்கில் நாமே போடும் முறை

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் தையல் பிரிவில் இருந்தேன். ஆர்டர் இல்லை என்று ஜூன் மாதம் நிறுத்திவிட்டார்கள். பி.எஃப். பணம் கேட்டுப் போட்டால், வேலையை விட்ட தேதி கணக்கில் இல்லை. கம்பெனியில் கேட்டதற்கு, “ராஜினாமா எழுதிக் கொடு, போடுறோம்” என்றார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் நிறுத்தியதை நீங்களே விட்டுப் போனதாக அந்தத் தாள் மாற்றிவிடும். அப்புறம் லேபர் ஆபீசில் நியாயம் கேட்பது கஷ்டம். 2020 முதல் அந்தத் தேதியைத் தொழிலாளியே போடலாம். கடைசியாக பி.எஃப். கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் போதும்.

யூ.ஏ.என். (ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் உள்ள நம்பர்) தளத்தில் நுழைந்து ‘மேனேஜ்’, அதில் ‘மார்க் எக்ஸிட்’. கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்தால் ஆதாரில் உள்ள போன் நம்பருக்கு ஓ.டி.பி. வரும். போனைவிட கம்ப்யூட்டரில் செய்வதே நல்லது. பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது தேதியில்தான். ஜூன் 22 என்று போட்டேன், ஏற்கவில்லை. கம்பெனி கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் அது வாங்கும். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மே மாதச் சம்பளத்தோடு நின்றிருந்தது. ஜூன் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். ஜூலை 15-க்குள் கட்டியிருக்க வேண்டும், கட்டவே இல்லை.

பணம் கிடைத்தால் சரி என்று மே 31 போடத் தோன்றும். போட்டிருந்தால் ஜூனில் நான் வேலையே செய்யவில்லை என்று ஆகியிருக்கும். ஒருமுறை போட்ட தேதியை நாமே திருத்தவும் முடியாது. அதனால் சம்பளச் சீட்டை இணைத்து பி.எஃப். குறைதீர்க்கும் தளத்தில் முதலில் புகார் போட்டேன், அதன் நகலோடு வேலூர் அலுவலகத்துக்கும் நேரில் போனேன். பணம் ஏறிய பிறகுதான் ஜூன் 22 போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

பின்சேர்க்கை: ஆம்பூரிலிருந்து ஒரு அக்கா ஓ.டி.பி. வரவில்லை என்று எழுதியிருந்தார். ஆதாரில் இருந்தது அவருடைய பழைய நம்பர். ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்து நம்பரை மாற்றிய பிறகு வந்துவிட்டதாம். சம்பளச் சீட்டு கையில் இல்லாதவர்கள், சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக்கில் அந்த மாதத்துப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் புகாரோடு வையுங்கள்.