திறன் கூட்டிய பழைய காரைப் பாதுகாப்பாக ஓட்டத் தொடங்குவது எப்படி?

பழைய காரின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் இன்ஜினை மட்டும் பெரிதாக்கி ஓட்டுவது கார் பிரியர்கள் பலரின் நெடுநாள் ஆசை. அந்த ஆசையில் குறை ஒன்றும் இல்லை. இன்ஜின் மாறியவுடன் கார் முழுவதுமே அந்த வலுவுக்கு ஏற்றதாகிவிட்டது என்று நம்பிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை மாடலில் 101 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜினும், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கும் இருந்தன. (இன்ஜினைத் தனியே மேடையில் ஏற்றி அளந்த அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கு அது, சாலையில் கிடைத்தது அதைவிடக் குறைவு.) அதே உடலில் இன்று 400 குதிரைத்திறன் இன்ஜினைப் பொருத்துகிறவர்கள் உண்டு. ஆனால் பிரேக், டயர், ஸ்டியரிங், ஆக்சில், இருக்கை எல்லாம் 101-ஐ மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை.

போதாக்குறைக்கு, ஓட்டுநரின் தவறைத் திருத்துகிற மின்னணுக் கருவி எதுவும் இந்தக் கார்களில் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ், இன்று நாம் அறிந்த வடிவில் 1978-இல்தான் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு 1995-இல் வந்தது. அவை செய்கிற வேலை முழுவதும் இங்கே உங்கள் காலுக்கும் கைக்கும் வந்து சேர்கிறது. ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்: கார் முதலில் நிற்க வேண்டும், சாலையைப் பிடிக்க வேண்டும், சொன்ன திசையில் திரும்ப வேண்டும், அதன் பிறகே வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

படி 1: பிரேக்

வேகம் இரண்டு மடங்கானால் காரை நிறுத்த உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. அதாவது, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு, உலர்ந்த சாலையில் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தாலும் நிற்பதற்கு ஏறத்தாழ 50 மீட்டர் தேவை. டிரம் பிரேக்கில் இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக டிரம்முக்குள் தேங்குகிறது. ஒரு முறை அழுத்தினால் நன்றாகவே நிற்கும் கார், இறக்கத்தில் நான்கைந்து முறை அடுத்தடுத்து அழுத்திய பிறகு நிற்க மறுப்பது இதனால்தான். எனவே முன்சக்கரங்களுக்காவது டிஸ்க் பிரேக் பொருத்தாமல் இன்ஜின் வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்து, பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்றுதான். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும், பிரேக் முழுவதும் போய்விடும். அமெரிக்காவில் 1968 முதல் இரட்டைச் சுற்று கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் கார் அதற்கு முந்தையது என்றால், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 (DOT 4) தரத்துப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும். குமிழி அமுங்குமே தவிர சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கடத்தாது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் இருக்கும் காரில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தி, எப்போதும் முன்சக்கரங்களே முதலில் பூட்டுமாறு சரிசெய்துகொள்ள வேண்டும்.

இப்போது பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று. காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்தைக் கொண்டுதான். திறனைக் கூட்டுவதற்காக வால்வுகளை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம் ஷாஃப்டைப் பொருத்தினால், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடில் நிலையில் அந்த வெற்றிடம் வெகுவாகக் குறைந்துவிடும். வேகத்தைக் கூட்டச் செய்த வேலையே பிரேக்கின் உதவியைப் பறித்துவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்! சோதித்துப் பார்ப்பது எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கல்போல் இறுகும் வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சிறிது கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்குப் போதிய வெற்றிடம் கிடைக்கவில்லை, அல்லது பூஸ்டரோ அதன் குழாயோ பழுதாகியிருக்கிறது. தனி மின் வெற்றிடப் பம்ப் பொருத்தலாம். பூஸ்டரே இல்லாத அமைப்புக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டருக்கும் மாறலாம். சரியாகும் வரை கார் சாலைக்கு வரக்கூடாது.

படி 2: டயர்

பழைய கார்களின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. ஆண்டில் சில நாள்களே வெளியே வரும் காரில் பத்து ஆண்டுக்குப் பிறகும் பட்டன் (சாலையில் படும் மேடுகள்) புதிதுபோல் இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப்போய்ப் பிடிப்பு இருக்காது. டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். யோசிக்காமல் கழற்றி எறியுங்கள். ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்து ஆண்டு ஆனதைப் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றிவிடுவதும் நல்ல வழக்கம்.

வேகக் குறியீட்டையும் பாருங்கள். எஸ் குறியீடு மணிக்கு 180 கிலோமீட்டர், எச் 210, வி 240 வரை தாங்கும். காரின் புதிய திறனுக்குப் பழைய டயரின் குறியீடு போதாமல் போகலாம். ரேடியல் டயரையும் பழைய பாணி குறுக்கிழை டயரையும் ஒரே காரில் கலந்து போடாதீர்கள். முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கிழையும் இருந்தால் வளைவில் பின்பக்கம் சட்டென்று விலகும்.

படி 3: ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஆக்சில்

காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்), முன்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழுமான ஆட்டம் பெரும்பாலும் பால் ஜாயின்ட் அல்லது பேரிங்கைக் காட்டும். பக்கவாட்டு ஆட்டம் டை ராடு எண்டைக் காட்டும். இன்ஜின் பின்சக்கரங்களை ஓட்டும் காரில், விசையைப் பின்னுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்முனைக்கு அருகே ஒரு பாதுகாப்பு வளையம் பொருத்துவது அவசியம். அதிக முறுக்குவிசையில் முன்பக்க யுனிவர்சல் ஜாயின்ட் உடைந்தால், அந்த வளையம்தான் ஷாஃப்ட் தரையில் குத்தாமல் தடுக்கும்.

படி 4: ஆக்சிலரேட்டர் சிக்கினால்

1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 லட்சம் செவ்ரோலே வாகனங்களைத் திரும்ப அழைத்தது. காரணம், இன்ஜினைக் காரோடு பிணைக்கும் மவுண்டிங்கின் ரப்பர். அது பிய்ந்துபோனால், முடுக்கும்போது இன்ஜினே ஒரு பக்கம் எழும்பி, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை இழுத்துத் திறந்துவைத்துவிடக்கூடும். தொழிற்சாலையில் பொருத்திய இன்ஜினுக்கே அந்த நிலை என்றால், பல மடங்கு முறுக்குவிசை கொண்ட இன்ஜினைப் பழைய மவுண்டிங்கில் உட்காரவைப்பது சரியாகுமா? மவுண்டிங்கைப் புதிதாக்குங்கள். கார்புரேட்டரில் ஒன்றுக்கு இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங் போடுங்கள். பெடலை இன்னொருவர் முழுவதும் அழுத்திவிட்டுக் காலை எடுக்க, இன்ஜின் அணைந்த நிலையில் த்ராட்டில் எங்கும் உரசாமல் தானாகவே மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். தரைவிரிப்பு பெடலைத் தொடக்கூடாது.

இவ்வளவு செய்தும் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை நின்ற காரில் உட்கார்ந்து கைக்கும் காலுக்கும் பழக்கப்படுத்துங்கள். கிளட்சை மிதிக்க வேண்டும், அல்லது கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். இன்ஜின் அலறும், அலறட்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டுவிட்டு மிதிக்கக்கூடாது. த்ராட்டில் திறந்திருக்கும்போது பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்கே வரும். பிறகு சாவியை ஒரு நிலை மட்டும் பின்னுக்குத் திருப்பி இன்ஜினை அணைக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டு உள்ள காரில் சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 5: தீயும் மோதலும்

மின் எரிபொருள் பம்ப் பொருத்தியிருந்தால், மோதலில் தானாக அணையும் ஸ்விட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால், கிழிந்த குழாய் வழியே சூடான இன்ஜின்மேல் அது பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் குழாய்கள் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவதில்லை; எல்லாவற்றையும் மாற்றுங்கள். தீயணைப்பான், இருக்கை வார் கட்டிய நிலையிலேயே கை எட்டும் இடத்தில், இரும்புப் பிடியில் இருக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் தீயணைப்பானால் பயனில்லை.

மூன்று முனை இருக்கை வாரை 1959-இல் வால்வோ தன் கார்களில் கொண்டுவந்தது. ஆனாலும் அதற்குப் பல ஆண்டு பின்வந்த கார்களிலும் இடுப்பு வார் மட்டுமே இருந்தது. தோள் வாரின் மேல்முனையை வெறும் தகரத்தில் முடுக்காமல், பின்னால் கனமான தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பந்தயக் கார்போல், கார் உருண்டால் நசுங்காமல் காக்கும் இரும்புக்குழாய்க் கூண்டு போட விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தலைக்கவசம் இல்லாமல் அன்றாடச் சாலையில் ஓட்டினால், சிறிய மோதலில்கூடத் தலை அந்தக் குழாயில் மோதும். சாலைக்கு மட்டும் பயன்படும் காரில் கூண்டு போடாமல் இருப்பதே நல்லது.

படி 6: முதல் ஓட்டம்

மூடிய மைதானமோ கார் பந்தயத் தடமோ கிடைத்தால் நல்லது. பொதுச்சாலை இதற்கான இடமல்ல. முதல் நாள் முழுவதையும் நிறுத்தப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் தொடங்கி, பிறகு 50, பிறகு 70. ஒவ்வொரு வேகத்திலும் மெதுவாக அழுத்தத்தைக் கூட்டி, சக்கரம் பூட்டும் இடம் எது என்று காலால் அறிய வேண்டும். டயர் கீச்சிட்டு, ஸ்டியரிங் திடீரென்று லேசாகி, திருப்பினாலும் கார் நேராகவே போகும்போது முன்சக்கரம் பூட்டிவிட்டது என்று பொருள். காலைச் சிறிது தளர்த்தினால் சக்கரம் மீண்டும் உருளும், கார் மீண்டும் திரும்பும். இந்தத் தளர்த்தல் யோசிக்காமலே வரும் வரை பயிற்சி தொடரட்டும். இடையிடையே பிரேக் ஆற நேரம் கொடுங்கள்.

ஆக்சிலரேட்டரைப் பழகுவது இரண்டாவது நாளுக்கு. பெடலில் பாதிக்கு மேல் போக வேண்டாம். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது மட்டும் முடுக்குங்கள். ஸ்டியரிங் திரும்பியிருக்கும் அளவுக்குக் கால் பின்வாங்க வேண்டும். பின்பக்கம் விலகினால், அது எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை மெல்லத் தளர்த்த வேண்டும். பதறிப்போய்க் காலைச் சட்டென்று எடுத்தால் காரின் எடை முன்னுக்குச் சாய்ந்து, பின்சக்கரம் இன்னும் பிடிப்பை இழக்கும்.

படி 7: பொதுச்சாலையில்

கார் பிரியர்களின் கூட்டம் முடிந்து வாயிலிலிருந்து வெளியேறும் நேரம்தான் இந்தக் கார்களுக்கு மிக மோசமான நேரம். டயர் குளிர்ந்திருக்கும், இரு பக்கமும் ஆட்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்திருப்பார்கள், கார் வாயிலிலிருந்து சாலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அந்தத் திருப்பத்தில் முழுவதும் முடுக்கினால் பின்சக்கரங்கள் சுழலும். இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து விசை தரும் வகை டிஃபரன்ஷியல் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிடிப்பை இழக்கும். பின்பக்கம் பக்கவாட்டில் பாயும். ஓட்டுநர் பயந்து காலை எடுத்ததும் டயர் திடீரென்று சாலையைப் பிடிக்க, கார் எதிர்ப்பக்கம் துள்ளி நேரே கூட்டத்துக்குள் போகும். இணையத்தில் சுற்றும் இத்தகைய காட்சிகளில் பெரும்பாலும் இதே வரிசைதான். உங்களிடம் யாராவது "ஒரு தடவை முடுக்கிக் காட்டுங்கள்" என்று கேட்டால் கையசைத்துவிட்டு முதல் கியரில் நடைவேகத்தில் வெளியேறுங்கள்.

முன்செல்லும் காருடன் இடைவெளியை வழக்கத்தைவிட இரு மடங்காக வைத்திருங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பது ஏபிஎஸ் உள்ள புதிய கார். அது நிற்கும் தூரத்தில் உங்களுடையது நிற்காது. மழையில் அகலமான டயர் குறுகியதைவிட முன்னதாகவே நீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்பதால், அழகுக்காக அகல டயர் போட்டவர்கள் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் அதிகாலையிலோ இரவிலோ இன்ஜினை உறுமவிடாதீர்கள்.

செய்த மாற்றங்கள் அனைத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட இன்ஜின் மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். பதிவுச் சான்றிலும் திருத்தம் தேவையா என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு

சக்கரம் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், முதல் 80 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்கிச் சரிபார்க்க வேண்டும். கார் ஆறிய பிறகு அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்தால் மறுநாள் காலையில் எந்தக் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும்: வழவழப்பான கறுப்பு இன்ஜின் ஆயில், சக்கரத்தருகே தேன் நிறத்தில் இருப்பது பிரேக் ஆயில். பிரேக் ஆயில் ஒரு சொட்டு கண்டாலும், கசிவின் இடம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை சாவியைத் தொடாதீர்கள்.