சிரிப்பை மட்டும் பறித்துக்கொண்டு போகாதீர்கள்

பள்ளித் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்று ஒரு கேள்வி வரும். மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எடுத்துக்காட்டு எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். கவிதைக்கே அந்த முறை அரைகுறைதான். நகைச்சுவைக் கட்டுரைக்குச் சுத்தமாக ஒத்துவராது. ஆனாலும் பழக்கம் விடுவதில்லை. ‘ஆசிரியர் நகைச்சுவை ததும்ப எழுதியுள்ளார்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். எப்படித் ததும்பியது என்று யாரும் கேட்பதில்லை.

செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் தோட்டக் கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். 1929இல் புத்தகமாக வந்தவை. படம் வரைந்தவர் அண்ணன் யோசெஃப். ரோபோவை நாடக மேடையில் ஏற்றினாரே, அதே சாபெக்தான். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை மாதத்துக்கு ஒன்று, நடுநடுவே விதை, மண், விடுமுறை என்று வேறு சில.

இவற்றைப் படிப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, நல்ல நல்ல வரிகளாகப் பார்த்துப் பொறுக்குவது. தோட்டக்காரனின் பிரார்த்தனை என்று ஒரு பகுதி உண்டு. தினமும் மழை வேண்டும் என்று அவன் ஆண்டவனிடம் கேட்கிறான். அப்புறம் நேரம் குறிக்கிறான்: நள்ளிரவிலிருந்து விடியற்காலை மூன்று மணி வரை. மென்மையாகவும் வெதுவெதுப்பாகவும் பெய்ய வேண்டும், மண்ணில் இறங்க வேண்டுமல்லவா? ஆனால் லாவெண்டர் போன்ற, ஈரம் பிடிக்காத சில செடிகள் மேல் மட்டும் விழக்கூடாது. எவை என்று எல்லாம் அறிந்த உனக்கே தெரியும். வேண்டுமானால் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருகிறேன் என்கிறான். போகப் போக, மண்புழு நிறைய, அசுவினிப் பூச்சியும் நத்தையும் அறவே கூடாது, வாரம் ஒருமுறை வானத்திலிருந்து உரக்கரைசல் விழ வேண்டும் என்று நீள்கிறது.

‘வானத்திலிருந்து உரம்’ என்பதை மட்டும் எடுத்துச் சொன்னால் சாதாரணத் துணுக்கு. அதுவரை அந்தப் பிரார்த்தனை ஏறிவந்த படிகளைப் பாருங்கள். முதல் வேண்டுதலில் தவறே இல்லை, எந்த விவசாயியும் கேட்பதுதான். மணி குறிக்கும்போது லேசாக நெருடுகிறது. விதிவிலக்குகள் சேரும்போது பக்தன் மெல்ல வாடிக்கையாளன் ஆகிறான். துண்டுத் தாள் வரும்போது ஆண்டவன் மளிகைக்கடைக்காரர் ஆகிவிடுகிறார். இத்தனைக்கும் குரலில் பணிவு குறைவதே இல்லை. கடைசி வரை ஜெபத்தின் தாளம்தான். சிரிப்பு இருப்பது கேட்கும் பொருளில் இல்லை, கேட்கும் குரலுக்கும் கேட்கும் பொருளுக்கும் நடுவில் அகலமாகிக்கொண்டே போகும் இடைவெளியில். அதனால் முழுதாகப் படித்தால்தான் வேலை செய்யும். முடிந்தால் வாய்விட்டு.

அணிக்குப் பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுவது இன்னொரு தவறு. தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை சாபெக் அடங்காத மிருகமாக்குகிறார். உயிரற்றதை உயிருள்ளதாகச் சொல்லியிருக்கிறார், சரி. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவர் செய்திருப்பது வினைச்சொற்களில் இருக்கிறது. குழாய் முறுக்கிக்கொள்கிறது, குதிக்கிறது, நெளிகிறது, தானே உண்டாக்கிய சேற்றில் ஆசையாக முங்குகிறது. பிறகு பிடிக்க வந்தவன் மேல் பாய்ந்து காலைச் சுற்றுகிறது. மிதித்தால் இடுப்புக்கும் கழுத்துக்கும் ஏறுகிறது. கடைசியில் பித்தளை வாயைத் தூக்கி ஜன்னல் வழியே திரைச்சீலை மேல் தண்ணீரை அடிக்கிறது. தரை, கால், இடுப்பு, கழுத்து, ஜன்னல். இந்த வரிசையை மாற்றிப்போட்டுப் பாருங்கள், கட்டுரை படுத்துவிடும்.

இதையெல்லாம் கிண்டல் என்று எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். தோட்டப் பித்துப் பிடித்த நடுத்தர வர்க்கத்தைப் பகடி செய்கிறாராம். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. நமக்கு முதலாவது மட்டுமே நினைவில் நிற்கிறது. சாபெக் கடைசி இரண்டின் ஆள். மடன் என்பதற்குப் பழைய உரைகாரர்கள் தரும் விளக்கம், கொண்டதை விடாமல் பிடித்திருப்பது. இந்தத் தோட்டக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ஏதேன் தோட்டத்தில் விட்டாலும் இவன் மண்ணை முகர்ந்துபார்த்து அசந்துபோவான், கனியைத் தின்ன மறந்துவிடுவான், ஆண்டவனிடமிருந்து சில தள்ளுவண்டி மண்ணை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் யோசிப்பான் என்கிறார். இதில் எள்ளல் எங்கே இருக்கிறது? தோட்டக்காரனுக்கு முதுகு எதற்கு, அவ்வப்போது நிமிர்ந்து ‘முதுகு வலிக்கிறது’ என்று சொல்லத்தானே என்று ஓர் இடத்தில் உயிரியல் பாடம் எடுக்கிறார். குனிந்து களை பிடுங்கியவன்தான் அப்படி எழுத முடியும்.

அதற்காக, கட்டுரையில் வரும் ஆளே சாபெக் என்று முடிவுகட்டவும் வேண்டாம். அவருக்குத் தோட்டம் இருந்தது உண்மைதான். பிராக் நகரின் வினோராடி பகுதியில் அண்ணனும் தம்பியும் இரட்டை வீடு கட்டி 1925இல் குடியேறினார்கள். ஆனால் எழுத்தில் வருபவன் பெரும்பாலும் ‘தோட்டக்காரன்’ என்ற ஒரு வகை மனிதன். திடீரென்று ‘நான்’ வரும், ‘நீங்கள்’ வரும், ‘நாம்’ வரும். எந்த இடத்தில் எது மாறுகிறது என்று கவனித்தால், செடி நடத் தெரியாத வாசகரையும் எப்போது தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பது பிடிபடும்.

செடிகளின் லத்தீன் பெயர்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சாக்ஸிஃப்ரேகா, கம்பானுலா என்று வரும்போது அகராதி தேவையில்லை. பித்துப் பிடித்தவன் வாயில் அவை எப்படி உருள்கின்றன என்று கேட்டால் போதும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நல்லது இனிமேல்தான் வரப்போகிறது, ஒவ்வோர் ஆண்டும் வளர்ச்சியும் அழகும் கூடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. சாபெக் 1938 கிறிஸ்துமஸ் நாளில் இறந்தார். யோசெஃப் 1945இல் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் மாண்டார். இது தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் தொண்டையை அடைக்கும், அதில் தவறில்லை. ஆனால் முதல் வாசிப்பிலேயே அந்தச் சோகத்தை 1929இன் தலையில் ஏற்றினால், அங்கே உண்மையில் எழுதியிருப்பது கண்ணில் படாது. மண்ணுக்கடியில் மொட்டுகள் இப்போதே தயாராகிவிட்டன என்று அடுத்த வசந்தத்தைக் கணக்குப் போடுகிற ஒருவனின் பேராசைதான் அது. அந்தப் பேராசை சிரிப்பாகவும் இருக்கிறது.

கடைசியாக, படிக்கும் வேகம். சாபெக் செய்தித்தாளில் எழுதிப் பழகியவர். ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்தையும் முடித்தால் ஏப்ரலிலேயே சலித்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.